சொல்லற்ற ஏடும் சொல்லப்படாத வரலாறும்
பேராக் தோட்டப்புறத் தமிழர் புலம்பெயர்வும் தொடக்கப்பள்ளி வகுப்பறையும்



தொடக்கப்பள்ளி மாணவர்க்குப் புலம்பெயர்வு வரலாற்றைக் கற்பிப்பதில் சொல்லே இல்லாத படநூல்கள் எவ்வாறு துணைபுரியும் என்பது இவ்வுரையின் பொருள். மொழி வளர்ச்சிக்கெனக் கூடிய அவையில் சொல்லில்லாத நூலைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றக்கூடும். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றைத் தேடிச் சென்றோர்க்கு இதில் முரண் ஏதும் தோன்றாது. அம்மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவை மிகுதி; அவர்களே எழுதி வைத்தவை மிகக் குறைவு. அவர்தம் வாழ்வின் பெரும்பகுதி இன்றும் முதியோர் நாவில்தான் தங்கியிருக்கிறது. அந்த நாவைப் பேசவைக்க ஒரு குழந்தையின் வினா வேண்டும். அவ்வினாவை எழுப்பவல்ல கருவிகளுள் சொல்லில்லாப் படநூல் சிறந்தது என்பதே இங்கு நான் நிறுவ முயல்வது.

படம் பார்த்து உரையாடும் மரபு

படத்தைப் பார்த்துப் பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடலின் 19ஆம் பாடலில், குன்றத்திற்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைச் சுட்டி, இவர் யார், இவள் யார் என ஒருவரையொருவர் வினவுவதும், அறிந்தவர் விடை கூறுவதும் காட்டப்படுகின்றன. காமனும் இரதியும், அகலிகையும் கௌதமனும் அவ்வோவியங்களில் இருந்தனர். இங்கு ஓவியம் கதையைத் தானே முழுமையாகச் சொல்லிவிடவில்லை, பார்ப்போரைப் பேசவைக்கிறது. வினவுவோரும் விடை சொல்வோரும் சேர்ந்தே கதையை நிறைவு செய்கின்றனர். சொல்லில்லாப் படநூலின் இலக்கணமும் இதுவே.

மேலைநாட்டில், கொமேனியசு என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டில் நூரம்பர்க்கில் வெளியிட்ட இலத்தீன், செருமானிய இருமொழி நூல், சிறுவர் படப்பாட நூல்களின் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. அதில் படத்திற்கு எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய சொல் தரப்பட்டது. படம் சொல்லுக்குப் பணியாளாக நின்றது. இருபதாம் நூற்றாண்டில் அந்நிலை மாறியது. சொல்லின்றி மரச்செதுக்குப் படங்களாலேயே கதை சொன்ன லிண்ட் வார்டின் நூல் 1929இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சப்பானியக் கலைஞர் மிட்சுமாசா அன்னோவின் பயணப் படநூலும், ஆங்கிலேயர் ரேமண்ட் பிரிக்சின் பனிமனிதன் கதையும் 1970களில் தோன்றிச் சிறுவர் கைகளில் இத்தகைய நூல்களைச் சேர்த்தன.

புலம்பெயர்ந்தோர்க்கும் சொல்லில்லாப் படநூலுக்கும் உள்ள உறவை உலகம் தெளிவாகக் கண்ட இடம் இத்தாலியின் இலம்பெடூசா தீவு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து படகுகளில் அகதிகள் வந்திறங்கிய அச்சிறு தீவில், சிறார் நூல்களுக்கான அனைத்துலக மன்றம் 2012இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்தும் சொல்லில்லாப் படநூல்கள் திரட்டப்பட்டன. தீவில் சிறார் நூலகம் ஒன்று உருவாயிற்று. வந்தேறிய குழந்தையும் தீவின் குழந்தையும் ஒரே நூலை, எவரும் எவர்க்கும் மொழிபெயர்க்காமல், ஒன்றாய் விரித்துப் பார்க்க முடிந்தது.

பேராக்கிற்கு வந்தோர்

பேராக் தமிழரின் வருகை இரப்பருக்கு முன்பே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் உழைத்தனர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்ட மலாயாவின் முதல் இருப்புப்பாதைக்கு இலங்கையிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த இரப்பர்க் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அந்நகரில் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மரத்திற்குக் கிடைத்த அப்பாதுகாப்பு, மரத்தைச் சீவிய கைகளின் நினைவுக்குக் கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. இரப்பரின் தேவையும் பெருகியது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய தொகையால் தொழிலாளரின் கப்பல் செலவு ஈடுகட்டப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஆளெடுப்பின் பெருவழியாயிற்று. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் தம் ஊருக்குத் திரும்பி, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவதே அம்முறை. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, அதன்பின் தோட்டத்தை அடைந்தோர் பல்லாயிரவர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரை இன்றும் பல குடும்பங்கள் மறக்கவில்லை. 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது பிரிட்டிஷ் மலாயாவில் இந்தியர் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் தமிழர். 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது.

பின்னர்ப் போர் வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்குச் சப்பானியர் தோட்டத் தமிழரைக் கொண்டு சென்றனர்; பலர் திரும்பவில்லை. 1948 சூனில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950களில் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. அத்தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவிற்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் நகர்ந்தனர்.

ஆக, பேராக் தமிழர் இருமுறை புலம்பெயர்ந்தவர்கள். முதற்பெயர்வு கடல் கடந்து தோட்டத்திற்கு. இரண்டாம் பெயர்வு தோட்டத்திலிருந்து நகருக்கு. முதற்பெயர்வைப் பற்றி நூல்கள் உள்ளன. அதைக் கண்டவர்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டனர். இரண்டாம் பெயர்வைப் பற்றி எழுதப்பட்டது குறைவு; அதைக் கண்டவர்கள் இன்று தாத்தா பாட்டியராக நம் மாணவர் வீடுகளில் இருக்கின்றனர். வகுப்பறை முதலில் நாட வேண்டியது இவர்களையே.

எழுத்தில் பெயரில்லாதவர்கள்

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் தோட்ட நிருவாகமும் அரசாங்கமும் எழுதியவை. ஆள் எண்ணிக்கை, கூலி, நோய், இறப்பு ஆகியவை அவற்றில் கிடைக்கும். ஒரு தாய் தன் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் எதைக் கட்டி எடுத்துக்கொண்டாள் என்பது அவற்றில் கிடைக்காது. காலனிய கால அஞ்சலட்டைகளிலும் ஒளிப்படங்களிலும் தமிழர் உருவங்கள் உள்ளன, பெயர்கள் இல்லை. மரத்தடியில் வாளியுடன் நிற்கும் பெண்ணின் படத்தின்கீழ், 'தமிழ்க் கூலி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு மட்டுமே இருக்கும். அத்தலைப்பைப் படித்தவுடன் மாணவர் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றனர். தலைப்பை மறைத்துவிட்டு அதே படத்தைக் காட்டினால், அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், தலையில் ஏன் துணி கட்டியிருக்கிறாள், அவள் குழந்தை எங்கே எனும் வினாக்கள் எழுகின்றன. 'கூலி' என்ற சொல் மறைந்த இடத்தில் ஒரு தாய் தெரிகிறாள். சொல்லின்மையின் கல்விப்பயன் இங்கே தொடங்குகிறது.

பேராக்கிலேயே சொல்லில்லாப் படப்பக்கம் ஒன்று உண்டு. பத்து காஜா அருகே, கின்தா கெல்லாசு தோட்ட உரிமையாளராக இருந்த வில்லியம் கெல்லி சுமித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்தபின் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகையைப் பலரும் அறிவர். அதன் அருகே, அவருடைய தமிழ்த் தொழிலாளர்க்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கு நடுவே, ஐரோப்பிய உடையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது சுமித்தின் உருவம் என்பர். கோயிலைக் கட்டியவர்களின் நன்றியா, வழக்கமா, கட்டளையா என்பதை அச்சிற்பம் சொல்வதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவரை அதன்முன் நிறுத்தி, 'இவர் ஏன் இங்கே நிற்கிறார்?' என்று கேட்டால், ஒரு நூற்றாண்டின் தோட்ட வரலாறு முழுவதும் அவ்வினாவிற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

'வருகை' என்னும் படநூல்

புலம்பெயர்வைப் பொருளாகக் கொண்ட சொல்லில்லாப் படநூல்களுள் மிகுதியாகப் பேசப்படுவது, சான் டான் வரைந்து 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த 'தி அரைவல்'. தமிழில் 'வருகை' எனலாம். இந்நூலாசிரியரின் தந்தை மலேசியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவிற்குச் சென்று குடியேறியவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. 2011இல் அசுட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது சான் டானுக்கு வழங்கப்பட்டது.

ஒருவர் தம் மனைவியையும் மகளையும் விட்டுத் தொலைநாட்டிற்குப் புறப்படுகிறார். குடும்பப் படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார். கப்பற்பயணத்தின் நீட்சியை, கட்டம் கட்டமாக வரையப்பட்ட மேகங்களின் மாறுதலே உணர்த்துகிறது. இறங்கும் துறையில் அவருடைய கண்ணும் வாயும் சோதிக்கப்படுகின்றன. உடையில் சீட்டுகள் குத்தப்படுகின்றன. அந்நாட்டு எழுத்துகள் ஓவியர் தாமே புனைந்தவை. ஆகவே கதைமாந்தரைப் போலவே படிப்பவரும் அங்கு எழுத்தறியாதவராகிறார். தங்க இடம் கேட்க அவர் தம் குறிப்பேட்டில் ஒரு கட்டிலை வரைந்து காட்டுகிறார். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. எழுத்துத் தெரியாமையால் தலைகீழாக ஒட்டி வேலையை இழக்கிறார். அவரைப் போலவே வந்த பிறர், தத்தம் கதைகளைச் சொல்லித் துணைநிற்கின்றனர். இறுதியில் மகள், புதிதாக வந்திறங்கிய ஒருத்திக்கு வழி காட்டுகிறாள்.

இந்நூலின் பக்கங்களைப் பேராக் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கலாம். பெட்டியைக் கட்டும் பக்கத்தில், நம் முன்னோரின் தகரப்பெட்டியும் துணிமூட்டையும் நினைவுக்கு வரும். மருத்துவச் சோதனைப் பக்கத்தில் ஜெரஜாக் தீவைப் பற்றிப் பேசலாம். தாள்களும் முத்திரைகளும் வரும் பக்கத்தில், வீட்டிலுள்ள பழைய கடப்பிதழையும் அடையாள அட்டையையும் பற்றிக் கேட்டுவரச் சொல்லலாம். நீல அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் உள்ள வேறுபாடு, சில குடும்பங்களில் ஒரு தலைமுறையின் கவலையாக இருந்தது. அதைப் பாட்டி தாமே சொல்லட்டும்.

பொருந்தாத இடங்களும் உள்ளன. ஆசிரியர் அவற்றை மறைத்தலாகாது. 'வருகை'யின் மனிதர் தனியே வந்து, நகரில் வேலை தேடி, குடும்பத்தை அழைத்துக்கொள்கிறார். தோட்டத் தமிழர் பெரும்பாலும் கங்காணியின் கீழ்க் குழுவாக வந்தனர். பலர்க்கு முன்பணக் கடன் இருந்தது. வேலையும் வீடும் பள்ளியும் கடையும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தன. அந்நகரத்து மனிதர் தெருவில் நடந்து வேறு வேலை கேட்க முடிந்தது. தோட்டத்து மனிதர்க்கு வேலையை விடுவது வீட்டையும் விடுவதாக இருந்தது. இவ்வேறுபாட்டை மாணவர் தாமே கண்டறிந்து சொல்லும் நாளில், அவர்கள் வரலாற்று மாணவர் ஆகின்றனர். ஒப்புமை காண்பது எளிது. வேற்றுமை காண்பதற்குச் சான்று வேண்டும்.

வகுப்பறை நடைமுறை

நம் மாணவர்க்குத் தொடர்படக் கட்டுரை நன்கு பழகிய பயிற்சி. அதில் படங்களுக்கு ஏற்ற கதை முன்னரே முடிவாகியிருக்கும். மாணவர் அதைப் பிழையின்றி எழுதினால் போதும். சொல்லில்லாப் படநூலை அவ்வாறு நடத்தினால் அதன் பயன் கெடும். முதற்பார்வையில் ஆசிரியர் பேசாதிருத்தல் நன்று. மாணவர் இருவர் இருவராக நூலைப் புரட்டட்டும். அதன்பின் வினாக்கள் மூன்று போதும்: இங்கே என்ன நடக்கிறது? எதைக் கண்டு அவ்வாறு சொல்கிறாய்? இன்னும் என்ன காண்கிறாய்? இரண்டாம் வினா இன்றியமையாதது. கற்பனைக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பது வயதுக் குழந்தைக்கு உணர்த்த இதனினும் எளிய வழி இல்லை. நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாகத் தொடங்கும்போது அப்பழக்கம் கைகொடுக்கும்.

முதற்படிநிலை மாணவர் ஒரு பக்கத்தைப் பார்த்து வாய்மொழியாகப் பேசினால் போதும். இரண்டாம் படிநிலை மாணவர் நூலிலிருந்து ஒரு வினாவை வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும். 'தோட்டத்தை விட்டு வந்த நாளில் நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள்? எதை விட்டுவிட்டு வந்தீர்கள்?' என்று தாத்தாவையோ பாட்டியையோ கேட்பதே அப்பணி. விடையை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவர வேண்டும், செந்தமிழாக்க வேண்டா.

இவ்வாறு கேட்டால் திரும்பி வருவன செய்திகள் மட்டுமல்ல, சொற்களும் ஆகும். கித்தா, மங்கு, நிரை, பால்வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால், காண்டா, பெரட்டு, தண்டல், கிராணி, லயம், ஆயாக்கொட்டகை எனும் சொற்கள் ஒரு காலத்தில் பேராக் தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் ஒலித்தவை. 'கித்தா' மலாய் மொழியின் 'கெத்தா'விலிருந்து வந்தது; பால் வடியும் கிண்ணமாகிய 'மங்கு' அம்மொழியின் 'மங்கோக்'கிலிருந்து வந்தது; எழுத்தரைக் குறிக்கும் 'கிராணி' மலாயில் 'கெரானி' என வழங்குகிறது; 'கங்காணி' கண்காணித்தல் எனும் நம் வினையடியிற் பிறந்தது. ஒரு சொற்பட்டியலுக்குள்ளேயே தமிழர் எவரோடு வாழ்ந்தனர், எவர்க்குக் கீழ் உழைத்தனர் என்பது தெரிகிறது. நகரத்துக் குழந்தை இன்று இவற்றுள் எத்தனை அறியும்? பொருள் மறைந்தபின் சொல் நெடுங்காலம் நிற்பதில்லை. அச்சொற்களைப் பேசியவர்கள் நம்முடன் இருக்கும்போதே மாணவர் கையெழுத்தில் அவை ஏடேற வேண்டும்.

வெளிநாட்டு நூலின் விலை எல்லாப் பள்ளிக்கும் ஏற்றதன்று. ஒரே ஒரு படி இருப்பினும் அதைத் திரையில் காட்டலாம். அதுவும் இல்லாவிடில், மாணவர் வீட்டுப் பழைய ஒளிப்படங்களைக் குறிப்பின்றி வரிசைப்படுத்தினாலும் ஒரு படநூல் பிறக்கும். இறுதியாக, மாணவர் தம் குடும்பப் பெயர்வை ஆறு அல்லது எட்டுப் படங்களில், ஒரு சொல்லும் இன்றி வரையட்டும். மற்றொரு மாணவர் அதைப் பார்த்துக் கதை சொல்லட்டும். வரைந்தவர் இறுதியில் திருத்தட்டும்.

இதற்கான தூண்டுகோல் பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாது இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை முதலாளிகள்மேல் சுமத்தின. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட பேராக்கில், அவ்வாறு தோன்றியவை பல. அவற்றுள் சில இடம்மாறி வீடமைப்புப் பகுதிக்கு வந்தபின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. 'நம் பள்ளியின் பெயரில் உள்ள தோட்டம் எங்கே?' என்பதே முதல் பாடமாக அமையலாம்.

கருதத் தக்கவை இரண்டு

முதலாவது, எல்லாத் தமிழரும் தோட்டத்தின் வழி வந்தவர் அல்லர். இருப்புப்பாதைத் துறையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றிய இலங்கைத் தமிழர், வட்டித்தொழில் செய்த நகரத்தார், தமிழ் முஸ்லிம் வணிகர், ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்து அப்பகுதிக்கே பெயர் சேர்த்த குடும்பத்தார் எனப் பலர் வந்தனர். வகுப்பில் ஒரே கதையை எதிர்பார்த்தால், அதற்குள் அடங்காத குழந்தை வாய்மூடிவிடும். துயரத்தை மட்டுமே தேடுவதும் தவறு. தோட்டத்தில் திருவிழாவும் கூத்தும் பந்தாட்டமும் நட்பும் இருந்தன. முதியோர் பலர் லயத்து வாழ்வை ஏக்கத்துடன் நினைவுகூர்வர். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலும் வேண்டா. சயாமுக்குச் சென்று திரும்பாதவர் குடும்பத்தில், மௌனமும் ஒரு விடையே.

இரண்டாவது, இன்று பேராக்கின் செம்பனைத் தோட்டங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் உணவகங்களிலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். நம் முன்னோர் போலவே அவர்களும் ஊரில் குடும்பத்தை விட்டு, முன்பணக் கடனோடு, படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நடுவே வந்தவர்கள். சொல்லில்லாப் படத்தில் உள்ள மனிதர்க்கு நாடும் மொழியும் இல்லை. அவரைத் தன் கொள்ளுப்பாட்டனாகக் காணும் குழந்தை, அடுத்த பக்கத்தில் அவரைத் தன் தெரு உணவகத்தில் தட்டு எடுப்பவராகவும் காணக்கூடும். அவ்வாறு கண்ட குழந்தை அவரைப் பெயர் கேட்டு அழைத்தால், நம் முன்னோர்க்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைக்கும்.

நிறைவாக ஒன்று கூற விழைகிறேன். 1816இல் பினாங்கில் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. தோட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களே பயன்பட்டன. இரப்பர் மரத்தடியில் வளர்ந்த குழந்தை தன் ஊரைத் தன் பாடநூலில் காணவில்லை. இன்று நம் நூல்களில் நம் ஊர்கள் உள்ளன. எனினும், லயத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்ட நாளில் பெட்டியைக் கட்டியவர்களின் நினைவு இன்னும் ஏட்டில் முழுமையாக இடம்பெறவில்லை. அந்நினைவைக் கேட்டுப் பெறுவதற்குரிய காலம் நீளமானதன்று. ஆசிரியர்கள் இத்தவணையிலேயே சொல்லில்லா ஏடு ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, ஒரு வினாவோடு வீட்டிற்கு அனுப்பவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.